ஓர் எழுத்தும் விடாமல்

நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "எங்கள் ஆலோசகர் திருமதி குணவதி. பார்வையை இழந்தும் மனம் தளராதவர். அமைதியான சுபாவம் கொண்டவர். பக்தி நூல்களை விரும்பிக் கேட்பவர். தொழில்நுட்பத்தைச் சற்றுத் தயக்கத்தோடு அணுகினாலும், சிறு உதவிக்கும் நன்றி பாராட்டும் நல்லுள்ளம்."

இதில் பெயரைத் தவிர வேறெதுவும் சரியில்லை. 'திருமதி'யை அவள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து கழற்றிப் போட்டவள். அமைதியைப் பற்றி அவள் குடியிருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது பார்க்க வரும் ஆட்களைக் கேட்க வேண்டும். அவள் கேட்பது கொலைக் கதைகள். அதுவும் மனிதக் காதுக்குச் சோளம் பொரிவது போல் ஒலிக்கும் வேகத்தில். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதற்குள் அவள் கொலைகாரனைக் கண்டுபிடித்து, எழுத்தாளரைத் திட்டிவிட்டு, அடுத்த கதைக்குப் போயிருப்பாள். தயக்கம் உண்டு, மறுக்கவில்லை. அது தொழில்நுட்பத்தின் பக்கம் இருந்தது.

அந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டியதே அவளுடைய போன்தான். உடனே திட்ட மேலாளர் ஜெயராஜை அழைத்தாள்.

"தம்பி, நல்லுள்ளம்னு போட்டிருக்கியே, யாருப்பா அது? எனக்கும் அறிமுகப்படுத்தி வை."

"மார்க்கெட்டிங் எழுதினதுக்கா. விடுங்க லா."

விட்டாள். சம்பளம் சரியாக வந்துகொண்டிருந்தது.

கண் இருந்த காலத்தில் அவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்துக் கணினிச் சில்லுகளில் கீறல் தேடியவள். கண்ணால் குறை கண்டு பிழைத்தவளுக்குக் கண் போனது. இப்போது சூலியா ஸ்ட்ரீட் அருகே பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், காதால் குறை கண்டு பிழைத்தாள். நிறுவனம் தயாரித்த செயலியின் பெயர் 'ஏடு'. மின்னூலைத் திறந்தால் உரக்க வாசித்துக் காட்டும். கண் தெரியாதவர், கை நடுங்குபவர், எழுத்து குழம்பித் தெரிபவர் எல்லோருக்கும் ஏற்றது என்று அறிவிப்பு. அது உண்மையா என்று பார்ப்பது குணவதியின் வேலை.

முதலில் வந்த 'ஏடு' பரிதாபமானது. எந்த இடத்தைத் தொட்டாலும் "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். என்ன பொத்தான் என்பது அதற்கும் கடவுளுக்கும் தெரிந்த ரகசியம். அத்தியாயம் முடிந்ததும் ஊமையாகிவிடும். பக்கத்தைப் புரட்ட விரலை ஒரு கடுகின் மேல் வைக்க வேண்டும். கை நடுங்குபவர் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குணவதி ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள். அனுப்பிய விதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று ஜெயராஜ் சொல்வான். அவன் மிகைப்படுத்துகிறவன், போனது ஒருவர்தான்.

கடைசியில் செயலி திருந்தியது. அதில் வெளியிடப் போகும் முதல் நூலும் வந்து சேர்ந்தது: சிறுநீரக நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எப்படி வாழலாம் என்று ஓர் அறநிறுவனம் எழுதிய தமிழ்க் கையேடு. சோதனை விதி எளிது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். குணவதி வழக்கம்போலப் போனின் திரையை அணைத்து வைத்துக்கொண்டாள். பார்வையற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். திரை கறுத்துக் கிடந்தாலும் குரல் வரும்; பேட்டரியும் மிச்சம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கவும் முடியாது. இரண்டு தடவை முழுக்கக் கேட்டாள். ஓர் எழுத்தைக்கூட விடவில்லை. 'தேர்ச்சி' என்று தன் பெயரில் அனுப்பிவிட்டு, அன்று மாலையே நூலை முன்னோட்டமாகத் தன் பார்வையற்ற நண்பர்கள் எல்லோருக்கும் பகிர்ந்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாத உணர்ச்சி.

நண்பர்களில் ஒருவர் அப்துல் ரசாக். ஒரு காலத்தில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் முதலில் கண்ணை எடுத்தது; அப்புறம் சிறுநீரகத்தை. வாரத்தில் பாதியை ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக் கழித்தார். ஊருக்கெல்லாம் காரசாரமாகச் சமைத்துப் போட்டவருக்கு இப்போது தண்ணீர்கூட அளந்துதான். தாதி கொடுத்த அச்சுப் புத்தகம் வீட்டில் எங்கோ கிடந்தது. அது வந்தபோது அவருக்குக் கண் போயிருந்தது. அவர் மனைவி ஷஹீதாவுக்கோ மலாய் எழுத்துதான் பழக்கம். தமிழ் எழுத்து வராது.

"தங்கச்சி," என்று ஒருநாள் காலையில் போனில் வந்தார். குரலில் உற்சாகம். "நீ குடுத்த புக்கு இருக்கே, என்னா அழகா வாசிக்குது! ரேடியோ நியூஸ் மாதிரி. நம்ம டாக்டர் வாயத் தொறந்தா வேணாம் வேணாம்தான். இதுல பழம்னு ஒரு பக்கம் போட்டிருக்கான் பாரு."

"என்ன போட்டிருக்கான், பாய்?"

"உங்கள் தட்டில் பழங்கள். ஆப்பிள், திராட்சை, அன்னாசி, நட்சத்திரப் பழம். அப்படின்னு சொல்லுது. நட்சத்திரப் பழம்னா நம்ம பெலிம்பிங்! எனக்கு உசுரு. சுங்கை பாக்காப்ல மச்சான் வீட்டு மரத்துல கொட்டிக் கெடக்குதாம். ஒரு பை அனுப்பச் சொல்லிட்டேன்."

"குடுத்து வச்ச ஆளுதான். ஜூஸ் போட்டுக் குடிங்க லா."

அப்படித்தான் சொன்னாள். அந்தப் பக்கத்தை அவளும் கேட்டிருந்தாள். நான்கு பழங்களும் வரிசையாக, தெளிவாக, ஒன்றுகூட விடுபடாமல்.

நட்சத்திரப் பழம் நல்ல பழம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனையோடு விழும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால் மத்தியான வெயிலும் தெரியாது. ஆனால் அதற்குள் ஒரு நஞ்சு இருக்கிறது. வேலை செய்யும் சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் கழுவி வெளியேற்றிவிடும். வேலை செய்யாத சிறுநீரகம் உள்ளவருக்கு அது ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறும். முதலில் விக்கல் வரும். பிறகு பேச்சு குழறும், வலிப்பு வரும், சிலர் எழுந்திருப்பதில்லை. விக்கலில் தொடங்குவதுதான் இதில் மோசம். விக்கல் வந்தால் நம்மில் எவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறோம்.

சில நாள் கழித்து வெளியீட்டு விழா. அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகைக்காக எல்லோரும் அலுவலகத்தில் கூடியிருந்தார்கள். குணவதி மேடையில் உட்கார்ந்து செயலியை இயக்கிக் காட்ட வேண்டும். புடவை கட்டச் சொல்லியிருந்தார்கள்; முடியாது என்று சொல்லியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரசாக்கின் குரல் பதிவு ஒன்று வந்தது.

"தங்கச்சி, ஜூஸு... ஹிக்... நேத்தும் குடிச்சேன், காலைலயும் ரெண்டு கிளாஸ்... ஹிக்... இந்த எழவு விக்கல் நிக்கவே மாட்டேங்குது. யாரோ நினைக்கிறாங்க. ஷஹீதா பக்கத்துலதான் உக்காந்திருக்கா... ஹிக்... அப்ப அவ இல்ல. வேற யாரோ!" பின்னால் ஷஹீதா, "வயசான காலத்துல நெனப்பப் பாரு," என்று அதட்டுவது கேட்டது.

குணவதி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காமினியும் சிரித்தாள். கையேட்டின் பக்கங்களை வடிவமைத்தவள் அவள். எதையும் அழகாகச் செய்கிறவள். அழகாகச் செய்ததைப் பற்றிப் பேசவும் பிடிக்கும்.

"அக்கா, நாளைக்கு மேடையில எந்தப் பக்கம் திறக்கப் போறீங்க? பழம் பக்கம் திறங்க. அதுதான் என்னோட பெஸ்ட். படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியணும்னு வார்த்தையே கம்மி பண்ணிட்டேன். தட்டு, தட்டுல பழம். ஸ்டார் ஃப்ரூட் மேல மட்டும் சிவப்பா ஒரு பெரிய எக்ஸ். சின்னப் பிள்ளை பார்த்தாக்கூட தொடாது."

குணவதியின் கையில் கரண்டி நின்றது.

"எக்ஸா?"

"ஆமா. பெருசா. பக்கத்துல பாதிக்கு."

"எக்ஸ்னா, வேணாம்னா?"

"வேற என்னக்கா? கிட்னி ஆளுங்களுக்கு அது விஷமாமே. டாக்டர் டீம் அத மட்டும் கண்டிப்பா போடச் சொன்னாங்க."

ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ ஒரு சுற்றுலாப் பயணிக்காக ரிக்ஷாக்காரர் மணியடித்தார். குணவதி போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வேகத்தைக் குறைத்தாள், ரசாக் கேட்கும் வேகத்துக்கு. இனிமையான பெண் குரல் சொன்னது: உங்கள் தட்டில் பழங்கள். ஆப்பிள். திராட்சை. அன்னாசி. நட்சத்திரப் பழம். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனது.

காமினியின் தட்டு மேசையில் உரசும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள் போல.

ஜெயராஜ் வந்து அந்தப் பக்கத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டான். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, "அக்கா, எக்ஸ் வார்த்தை இல்லயே. அது படம். டெஸ்ட்ல வார்த்தைதான பாக்கணும்?" என்றான். அவன் சொன்னது சரிதான். எல்லோரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்காகச் சொல்லை எடுத்தவள் சரி. சொல்லை மட்டும் சோதித்தவள் சரி. ஓர் எழுத்தும் விடாமல் வாசித்த செயலி எல்லோரையும்விடச் சரி.

"அடுத்த அப்டேட்ல படத்துக்கு விளக்கம் போட்டுடலாம் லா," என்றான் அவன். "நாளைக்கு விழா, இப்ப கை வச்சா வேற எதாச்சும் உடையும்."

அவள் அதற்குள் ரசாக்கை அழைத்திருந்தாள். ஷஹீதா எடுத்தாள்.

"ஷஹீதாக்கா, பாய் எங்க?"

"படுத்திருக்காரு. விக்கல் நின்னுபோச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா பேச்சுதான் ஒரு தினுசா இருக்கு. அடுப்ப அணைச்சியா, அடுப்ப அணைச்சியான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. கடைய மூடி எத்தன வருஷமாச்சு! தூக்கக் கலக்கம். கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"தூங்க விடாதீங்க! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, இப்பவே. பெலிம்பிங் விஷம்க்கா. கிட்னிக்கு விஷம்."

"புக்குல சொல்லியிருக்குன்னாரே?"

குணவதிக்கு இதற்குப் பதில் இருந்தது, நேரம்தான் இல்லை. "கூப்பிடுங்கக்கா!" என்று கத்தினாள்.

வாடகைக் காரில் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரசாக்கை அவசரப் பிரிவுக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். வழியிலேயே ஒரு வலிப்பு வந்துவிட்டது. ஷஹீதா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர்கள் பக்கவாதம் என்று நினைத்துத் தலையைப் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாத, சர்க்கரை உள்ள, குழறிப் பேசும் கிழவர் என்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். குணவதி வாசலில் நின்றுகொண்டு, தன்னைக் கடக்கும் ஒவ்வொரு காலடிச் சத்தத்திடமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: பெலிம்பிங் குடித்திருக்கிறார், சிறுநீரக நோயாளி, காலையில் இரண்டு கிளாஸ். தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்று இன்னும் உரக்கச் சொன்னாள். கடைசியில் ஒரு காலடி நின்றது.

"ஆன்ட்டி, என்ன சொன்னீங்க? ஸ்டார் ஃப்ரூட்டா?" இளம் குரல், தமிழ்.

"ஆமா டாக்டர். நேத்தும் குடிச்சாரு."

"நீங்க அவருக்கு யாரு?"

"அந்தப் புக்கு சரியா இருக்குன்னு சொன்னவ."

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் காலடி உள்ளே ஓடியது. சற்று நேரத்தில் கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள், படம் எடுக்கும் அறைக்கு அல்ல, சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு.

ரசாக் அன்று பிழைத்தார். பிழைத்தவர் முழுசாக வந்தாரா என்பது வேறு கேள்வி. ஷஹீதாவின் பெயர் அவருக்கு இரண்டாம் நாள்தான் திரும்பி வந்தது. குணவதியின் குரலைக் கேட்டால் இன்றைக்கும் ஒரு கணம் நிதானிக்கிறார், யாருடையது என்று தேடுவது போல.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி நடைவழியில் இருந்தபோது ஜெயராஜ் அழைத்தான். "அக்கா, அவரு எப்படி இருக்காரு? நல்லது, நல்லது. நாளைக்கு வந்துடுவீங்கதானே? அந்தப் பக்கத்த மட்டும் திறக்க வேணாம். மத்ததெல்லாம் நல்லாத்தான வேலை செய்யுது."

"புக்க எடுத்துட்டியா?"

"உடனே எடுக்க முடியாதுக்கா. மேல கேக்கணும். முன்னோட்டமா நெறையப் பேரு எறக்கியிருக்காங்க. அவங்க போன்ல இருக்கிறத நம்மால எப்படி எடுக்க முடியும்?"

"யாரு யாரு எறக்கியிருக்காங்க?"

"அது தெரியாதுக்கா," என்றான் ஜெயராஜ். "பயனாளர் தனியுரிமை."

மறுநாள் விழா நடந்தது. மேடையில் வேறொருவர் உட்கார்ந்தார். குரல் இனிமையாக இருந்தது என்று வந்தவர்கள் பாராட்டினார்கள்.

குணவதி போகவில்லை. செயலிக்குத் தான் கொடுத்த தேர்ச்சியை எழுத்துமூலம் திரும்பப் பெற்றாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, தான் அந்த நூலைப் பகிர்ந்த ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, நட்சத்திரப் பழம் சாப்பிட வேண்டாம் என்று சொன்னாள். அவர்கள் வேறு யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு, அவர்களையும் அழைத்தாள்.