அண்ணன் ஆராதனைக்கு வந்த ஞாயிறு

எங்கள் சபை தம்போய் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. புதிதாக யாராவது படியேறி வந்தால், பாவம் அவர்கள். எழுந்து நிற்கச் சொல்வோம், கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடுவோம், கையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைத் திணித்துப் போன் நம்பரை வாங்கிக்கொள்வோம். மறு வாரம் அவர்கள் வரமாட்டார்கள். பிசாசு தடுத்துவிட்டான் என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம்.

நம்பிக்கை இல்லாதவர்களும் கூச்சமில்லாமல் வந்து உட்காரும்படி சபையை மாற்ற வேண்டும் என்று பாஸ்டர் சொன்னபோது, அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். ஊழிய வாஞ்சை என்று நினைத்தார்கள். மண்ணாங்கட்டி. எனக்கு என் அண்ணன் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி புற்றுநோயில் படுத்திருந்தபோது சபையே உபவாசம் இருந்தது. நிச்சயம் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அண்ணியின் சாவு வீட்டிலேயே ஒருவர் அண்ணனிடம், "விசுவாசம் கொஞ்சம் கொறஞ்சிருச்சு தம்பி" என்றார். ரெங்கம் எஸ்டேட்டில் சின்ன வயதிலேயே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன். அந்தச் சாவு வீட்டோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் ஆகிறது.

வரவேற்புப் பாட்டை நிறுத்தினேன். ரோஜாவை நிறுத்தினேன். அக்காமார்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்து மீகூன் சாப்பிடும்போது யாரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம், வசனத்தைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கக் கூடாது என்று பாஸ்டரிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"யாரும் உங்கள எழுப்பி நிக்க வைக்க மாட்டாங்கண்ணே. நான் பொறுப்பு."

"கேள்வி கேட்டா பதில் சொல்வீங்களா, இல்ல தலையில கைய வச்சி ஜெபம் பண்ணுவீங்களா?"

"பதில்தாண்ணே."

"சரி லா. ஒரு வாட்டி வரேன்."

வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அப்படிப் பழக்கியிருந்தேன். இரண்டாவது பாட்டில் அவர் உதடு அசைந்தது.

அதன் பிறகு மூப்பர் ஜெப விண்ணப்பத் தாளை எடுத்தார். வாரா வாரம் அதே தாள்தான். புதியது அடியில் சேரும். ஜெபத்துக்குப் பதில் கிடைக்கும்வரை பழையதை எடுக்கமாட்டோம். அவர் வாசித்தார்: "நம்ம சகோதரியோட அண்ணன். மனைவிய இழந்தப்பறம் ஆண்டவர மறுதலிச்சிட்டாரு. அவரோட கல்லான இருதயம் உடையணும்."

அண்ணி இறந்த வருடம் நான் எழுதிக் கொடுத்தது. ஞாயிறுதோறும் கேட்டுக் கேட்டு என் காது அதைக் கேட்பதையே நிறுத்தியிருந்தது. எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன வாசித்தார் என்பதே உறைத்தது.

திரும்பினேன். அண்ணன் எழுந்து படியிறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன். கீழே பைக் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வருஷமாவா?"

"எடுக்கணும்னு தோணவே இல்லண்ணே."

"தெரியுது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "உன் பிள்ளைங்கள என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. இங்க மட்டும் என்னைக் கூப்பிடாத."

போய்விட்டார். அழுகை வரும் என்று நின்றேன், வரவில்லை. மேலே போய் எல்லாருக்கும் மீகூன் வைத்தேன்.

அந்த வாரமே மூப்பருக்குப் போன் செய்து, அந்த விண்ணப்பத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"பதில் கெடச்சிருச்சாம்மா? அண்ணன்தான் சபைக்கு வந்துட்டாரே."

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம் ஐயா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, பதில் கிடைத்த ஜெபமென்று அதை நன்றி ஜெபத்தில் வாசித்தார். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன்.