குந்தாரப்பள்ளியில் புளி நிறுக்கும் கண்ணாடிப் பூ

பெங்களூரில் ஒரு பழம்பொருள் கடையில் என் கையில் இருந்த பேப்பர்வெயிட்டைக் கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கினார். "வாங்கறவங்க மட்டும் தொடுங்க" என்றார். ஓசூரில் கார் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி? உள்ளே கண்ணாடிப் பூ மலர்ந்த பழைய அமெரிக்கப் பேப்பர்வெயிட் ஒன்றைத் தொட்டே தீருவது என்று வீம்பு பிடித்தேன். 2007இல் இந்தப் பயணம் போனது அதனால்தான்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு அம்மா பூப்போட்ட கண்ணாடிக் குண்டை வைத்துப் புளி நிறுக்கிறார் என்று கேன்டீனில் கேள்விப்பட்டேன். சந்தை நாளான வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய், ஒரு மணி நேரம். (எல்லா பஸ்ஸும் குந்தாரப்பள்ளியில் நிற்காது. கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள்.)

மாடுகளைத் தாண்டிப் போனால் புளி மூட்டைகள். கேன்டீனில் சொன்ன அம்மாவின் பெயர் முனியம்மா. அவர் தராசில் அது இருந்தது. சிவப்புப் பூ, பச்சை இலை.

"எங்கூட்டுக்காரரு பெங்களூர்ல அமெரிக்காக்காரம்மா ஊட்ல தோட்ட வேல செஞ்சாரு. அந்தம்மா ஊருக்குப் போறப்ப குடுத்துது. அரைக்கிலோ கல்லு தொலைஞ்சிடுச்சி, இத வெச்சி நிறுக்கறேன். இந்தா, பாரு கண்ணு."

நான் கேட்காமலே கையில் கொடுத்தார்! வேலைக்கு வைத்திருக்கும் சின்ன பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு இதழும் தனித்தனியாகச் செய்து சேர்த்தது. அடியில், செய்யும்போது சூடான கண்ணாடியைத் தாங்கிய கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்பைத் தேய்த்திருந்தார்கள். கை வேலைதான், நல்ல பழசு.

அப்போது காரில் வந்து இறங்கிய வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், "சோடா பாட்டில் கண்ணாடிம்மா இது. நூறு ரூபா தர்றேன், குடு" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருநூறு ரூபாய் நீட்டியிருந்தால் அது எனக்கே கிடைத்திருக்கலாம். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, குடுத்துறாதீங்க. இது பழைய அமெரிக்கச் சாமான் மாதிரி இருக்கு. ஆயிரக்கணக்குல போகும்."

அவர் என்னை முறைத்துவிட்டு முனியம்மாவிடம் திரும்பினார். "முத்திரை இல்லாத எடைக்கல்லு இது. புகார் குடுத்தா பறிச்சிட்டுப் போயிடுவாங்க."

"குடு, போ! வர்றவன் வந்து நிறுத்துப் பாக்கட்டும். கூடத்தான் போடறேன், கொறச்சி யாருக்கும் போட்டதில்ல. இத விக்கறதும் இல்ல, யாருக்கும்." கடைசிச் சொல்லுக்கு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

அரைக்கிலோ புளி வாங்கினேன், பதினெட்டு ரூபாய். மறுநாள் தொழிற்சாலையின் மின்தராசில் காகிதத்தை நீக்கி நிறுத்தேன். 534 கிராம். எடைச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு அடுத்த வெள்ளியும் போனேன். படித்துக் காட்டியதும், "நாஞ் சொல்லல?" என்று முனியம்மா சிரித்தார். லாரிக் காற்றில் சீட்டு பறக்கப் பார்த்தது. குண்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

போகிறவர்கள் காலை எட்டுக்குள் போய்விடுங்கள். வெயிலுக்குத் துண்டு அவசியம். குண்டுக்கு விலை கேட்காதீர்கள், புளிக்குக் கேளுங்கள். தொட்டுப் பார்க்கத் தருவார். புகார் கொடுக்கும் எண்ணத்தில் போகிறவர்களும் தாராளமாகப் போகலாம். சீட்டு பூவுக்கு அடியில்தான் இருக்கிறது.