கொல்லைப்புறத்தில் வெந்த முட்டை

1998 டிசம்பர் 7, திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. எதிரே நிற்கும் மலையே தெரியாத அளவுக்குப் பனி. வேங்கிக்காலில் எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் என் மனைவி எனக்காக இரண்டு முட்டைகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இதய அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. "இந்த உடம்புல கத்தி வச்சா புண் ஆறாது. நாலு கிலோ ஏறட்டும். பால் ஒத்துக்கலன்னா தினம் ரெண்டு முட்டை சாப்பிடுங்க, அரை மணி நேரம் மெதுவா நடங்க" என்று சென்னை டாக்டர் ஆறு வாரம் தவணை கொடுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை முட்டை நுழைந்ததில்லை. அதனால் தனி ஸ்டவ், தனிப் பாத்திரம். முட்டை வெந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள், பிறகே விளக்கேற்றுவாள். அன்று முப்பத்தோராவது நாள். இருமிக்கொண்டே பச்சைத் தண்ணீரை மொண்டாள்.

"வெந்நீர் வச்சிக் குளிக்கக் கூடாதா?"

"முட்டை வெந்த ஸ்டவ்வுல குளிக்க வெந்நீர் வைக்க முடியுமா? அடுப்பங்கரைக்குத்தான் போவணும். அங்க போவணும்னா மொதல்ல குளிக்கணும். கணக்கு வாத்தியாராச்சே, நீங்களே வழி சொல்லுங்க."

வழி எனக்குத் தெரியும். நான் நடக்கும் சாலையிலேயே ஒரு டீக்கடையில் அவித்த முட்டை விற்றார்கள். ஆனால் அங்கே உட்காருகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். கோயிலில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறவர்கள். திருநீறு பூசிய நெற்றியோடு நான் முட்டை தின்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. அதற்காக அவள் தினம் நனைந்தாள்.

வியாழக்கிழமை காய்ச்சலில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். எனக்கோ அதற்குள் மூன்று கிலோ ஏறியிருந்தது.

மறுநாள் காலை கண் திறந்ததும் கேட்டாள்: "முட்டைக்கு என்ன பண்ணீங்க?"

"ஒரு நாள்தானே, விடு."

"விடறதா? அப்ப இத்தினி நாளு நான் எதுக்குங்க நனைஞ்சேன்?"

எழுந்து நேராக அந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரன் என் பழைய மாணவன். பெஞ்சைத் துடைத்துவிட்டான்.

"டீயா சார்?"

"ரெண்டு முட்டை."

என் நெற்றியைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். "ஆபரேசனுக்கா சார்? மிளகுத்தூள் ஜாஸ்தியா போடறேன், நாத்தம் தெரியாது" என்றான். அவ்வளவுதான். மற்றவர்கள் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்கள்.

இரண்டையும் தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். எழுந்து கணக்குக் கேட்டேன்.

நான்கு ரூபாய்.