ஜமீலா சிஸ்டரின் பகல் விளக்கு

செய்தி வந்தபோது நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றிருந்தேன். காலையில் ஏறிய பனி இன்னும் விலகவில்லை. வரிசையில் முதலில் நின்ற ஓரிரு முகங்கள்தான் தெரிந்தன; பின்னால் இருந்தவர்கள் வெறும் இருமல் சத்தமாக இருந்தார்கள். போனில் பேசியவர் ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் பாய், ஜமீலா சிஸ்டரின் அண்ணன். "தனம்மா, தங்கச்சி மௌத்தாயிட்டாங்க. விடியக்காலத்துச் சுபுஹு பாங்கு கேட்டுட்டேதான் இருந்தாங்க. அது முடிஞ்சதும் கண்ண மூடிட்டாங்க" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடம் சொன்னேன். முன்னால் நின்ற பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, பைக்குலீங்களா?"

"இல்லீங்க. உடம்பு சரியில்லாமத்தான்."

அன்று முழுவதும் பலரும் இதையே கேட்டார்கள். மலைப்பாதையில் இத்தனை வருஷம் பைக் ஓட்டிய ஒரு பெண் இறந்துவிட்டார் என்றால் மனம் முதலில் அங்கேதான் போகிறது. ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லும்போது, அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது. அவரைக் கொண்டுபோனது கணையத்தில் வந்த கட்டி. சாலை அவரைத் தொடவே இல்லை.

மஞ்சக்குட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் மருந்து கொடுப்பவள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். உங்கள் பிள்ளைகளை உங்களுக்கு முன்பே கையில் வாங்கியிருப்பார். அந்த ஜமீலாவைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது, ஏற்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்காட்டுக்கும் யார் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போய் வந்தேனோ, அவரைப் பற்றி.

அவரோடு போன முதல் நாள் நான் பஸ்ஸைத் தவறவிட்டு ஏரிக்கரையில் நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வெளிச்சம் வந்தது, பிறகு ஒரு மஞ்சள் நிறம் வந்தது, அதற்குப் பிறகுதான் பைக்கும் ஆளும் வந்தார்கள். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், அதற்குக் கீழே ரோடு போடுகிறவர்கள் அணிவதுபோல் பளீரென்று ஒரு கோட்டு. நான் ஏறப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, இந்தச் சால்வையோட வேண்டாமுங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"நொம்ப நல்லா இருக்குது. ஆனா சாம்பல் கலரு. பனிக்குள்ள பனி மாதிரி உக்காந்திருப்பீங்க. பின்னாடி வர்றவனுக்கு நம்ம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்."

பெட்டியிலிருந்து இன்னொரு மஞ்சள் கோட்டையும் ஒரு ஹெல்மெட்டையும் எடுத்துக் கொடுத்தார். யாராவது ஏறுவார்கள் என்று எப்போதும் வைத்திருப்பாராம். என் வயதுக்கு அந்தக் கோட்டு வெட்கமாக இருந்தது. ஆனால் வண்டி கிளம்பியதும் வெட்கம் எங்கோ போய்விட்டது. மழைக்குப் பின் காப்பி பூத்திருந்த நாள் அது. இரண்டு பக்கமும் வெள்ளை, மேலே வெள்ளை, எதிரே வெள்ளை. சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரம் வரை இருந்தன, மேலே இல்லை. வண்டி ஓடுகிறதா, மலைதான் எங்களுக்கு அடியில் மெல்ல நகர்கிறதா என்று தெரியவில்லை. பூவின் மணத்தில் எனக்குக் கண் சொருகியது. அவர் தோள் மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது.

பட்டப்பகலிலும் அவர் முன்விளக்கை அணைக்க மாட்டார். அவருடையது பழைய வண்டி; புது வண்டிகளைப்போல விளக்கு தானாக எரியாது, நாமேதான் போட வேண்டும். எதிரே வருகிறவர்கள் விரல்களை மூடித் திறந்து, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டுவார்கள். வாய்விட்டுச் சொல்கிறவர்களும் உண்டு: "சிஸ்டர், லைட்டு எரியுதுங்கோ!" அவர் தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "அணைச்சாத்தான் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். காற்றில் பாதி வார்த்தை பறந்துபோக, மீதி என் காதுக்கு வந்தது: "அவங்க என்னப் பாத்துட்டாங்கன்னு அவங்களே சொல்லீட்டுப் போறாங்கக்கா. இத விட என்ன வேணும்?"

ஒண்டிக்கடை முக்கில் நடந்ததை அங்கே கடை வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு ஷேர் ஜீப் வந்து, நின்று, எங்கள் பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் முன்னால் ஏறியது. ஜமீலா பிரேக்கை அழுத்திய வேகத்தில் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. ஜீப் ஓட்டியவர் வேலு. கூட்டம் கூடி அவரைத் திட்டியது. நானும் திட்டினேன். "சத்தியமாத் தெரியலீங்க சிஸ்டர்" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. ஜமீலா ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

"வேலு, உங்க சீட்டுல நான் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கட்டுங்களா?"

வேலுவுக்கு இது ஏதோ தண்டனை என்று தோன்றியிருக்க வேண்டும். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜமீலா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு தூரத்திலிருந்து வரும்படி என்னிடம் சொன்னார். பைக்கைத் தள்ளிப் பழக்கமில்லாத நான் தட்டுத்தடுமாறி வந்தேன். "நில்லுங்கக்கா!" என்று ஒரு குரல். நின்றேன். ஜீப்புக்குள் அவர் தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு அதே இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, தான் போய் நான் நின்ற இடத்தில் நின்றார்.

முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்க ஓர் இரும்புத் தூண் இருக்கிறதே, இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம்தான். அந்தத் தூணுக்குப் பின்னால் ஜமீலா, பைக், மஞ்சள் கோட்டு எல்லாம் போய்விட்டன. சாலை இருந்தது, டீக்கடை இருந்தது, அவர் இல்லை. அவர் ஓர் அடி நகர்ந்ததும் திரும்ப உண்டானார். ஒருவர் இல்லாமல் போவது இவ்வளவு எளிதா என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

"நான் பொய் சொல்லலீங்களே சிஸ்டர்" என்றார் வேலு.

"இல்லீங்க வேலு. பாத்தீங்க, ஆனா தெரியல. அதத்தான் நான் பாக்க வந்தேன்."

அதன் பிறகு எந்த முக்கிலும் ஜமீலா வண்டியை ஒரே கோட்டில் கொண்டுபோக மாட்டார். சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தி, தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார். எதிரே இருப்பவரின் கண் தன் கண்ணைத் தொடும்வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பார். "முகம் நம்ம பக்கம் திரும்புனாப் பத்தாது, கண்ணு நம்ம மேல நிக்கோணும்" என்பார்.

கோடைச் சீசனில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தது. ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. சுற்றுலா வண்டிகள் நெரிசலில் அது எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஜமீலா பையை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். பனி இறங்கியிருந்தது. வழியில் ஒரு கார் எங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அடித்தது. எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஜமீலா பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டார், பின்விளக்கு மின்ன வேண்டும் என்பதற்காக. பிறகு கையைக் காட்டிவிட்டு, மெல்ல இடது ஓரத்தில், மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தியே விட்டார்.

"அங்க அந்தப் புள்ள துடிச்சுட்டிருக்குது, இவனுக்கு எதுக்கு நின்னுட்டு?" என்று கத்தினேன்.

"நாம போய்ச் சேரோணுமில்லீங்கக்கா" என்றார்.

கார் எங்களைத் தாண்டி வளைவுக்குள் போனது. டயர் தேய்ந்து கதறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் மெதுவாகத் திரும்பியபோது, மரம் ஏற்றிய லாரி ஒன்று வழியை முழுவதும் அடைத்து நின்றது. கார் சறுக்கி ஓரத்து வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. லாரிக்கும் காருக்கும் இடையே ஒரு ஆள் நுழையும் இடம்கூட இல்லை. எங்கள் வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தால் நாங்கள் அந்த இடத்தில் இருந்திருப்போம்.

காரை ஓட்டியது இளவயதுப் பையன். பக்கத்தில் அவன் அம்மா. ஜமீலா கதவைத் திறந்து, "சாமி, எங்கயாச்சும் அடிபட்டுச்சா?" என்று கேட்டார். கழுத்து, கை, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். கடைசியில், கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்:

"எங்க ரெண்டு பேரையும் பாத்தீங்களா, கண்ணு?"

"நல்லாப் பார்த்தேங்க" என்றான் அவன். அழ ஆரம்பித்துவிட்டான். "பார்த்துட்டுத்தாங்க ஹாரன் அடிச்சேன்."

லாரிக்காரர் கொஞ்சம் பின்வாங்கி வழி விட்டார், நாங்கள் போனோம். பெண் குழந்தை பிறந்தது. ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனபின், லைன் வீட்டு வாசலில் கிளம்ப நின்றோம். ஹெல்மெட்டை மாட்டிய ஜமீலா அதன் வாரைப் பூட்டாமலே வண்டியில் ஏறப் போனார். ஒருநாளும் அப்படிச் செய்யாதவர். பிரசவம் முடியும்வரை அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தாரோ! நான்தான் பூட்டிவிட்டேன். அப்போது சொன்னார்: "இத்தன நாளா, கண்ணுல பட்டாப் போதும்னு நெனச்சிருந்தேங்கக்கா. அது பாதிதான். பாத்தவங்களும் அவசரப்படுவாங்க. அவங்களுக்கு எடம் விட்டுத் தள்ளி நிக்கறது மீதிப் பாதி."

பிறகு அவர் மெலிந்தார். சாப்பாடு இறங்கவில்லை. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. அண்ணன் கடையை ஒட்டிய அவர் அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது. படுத்தபடியே போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "ஊட்டுக்குள்ளயே இருந்து கண்ணு மங்கிப்போச்சுங்கக்கா, ஒரு தடவ ரோட்டப் பாக்கோணும்" என்றார். வேலு ஜீப்பைக் கொண்டுவந்தார். காதர் பாய் தங்கையைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார், போர்வையைச் சுற்றினார். ஏரியைச் சுற்றி, எஸ்டேட் வழியாக, ஒண்டிக்கடைக்கு வந்தோம். பனிக்குள்ளிருந்து பைக்குகள் ஒவ்வொன்றாக உண்டாகி, எங்களைக் கடந்து, மறுபடி பனியாயின. முக்கில் வேலு ஜீப்பை நிறுத்தி, இருக்கையைவிட்டு எழாத குறையாக எட்டி, தூணுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். ஒவ்வொரு முக்கிலும் அப்படியே. அவர் எங்களுக்காகச் செய்யவில்லை, அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஜமீலா அதைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையின் நிறைவை எழுத எனக்கு வராது.

அடக்கத்துக்கு ஆண்கள் போனார்கள். நானும் மற்ற பெண்களும் கடைவீதியில் நின்றோம். தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப்போன அவர்கள் தெருக்கோடியில் பனிக்குள் நுழைந்தார்கள். கலிமா சொல்லும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

நான் பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. இனிக் கற்கப்போவதும் இல்லை. இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பனியைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் போகிறேன். அப்போது வளைவு வருகிறது. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு ஒரு கணம் முன்பே என் உடம்பு, யாரும் சொல்லாமல், அந்தப் பக்கம் சாய்கிறது. முன்னால் ஒரு முதுகு சாய்ந்ததுபோல, நானும் கூடவே சாய்ந்ததுபோல. வளைவு முடிந்ததும் தானாக நிமிர்கிறது. அத்தனை வருஷத்தில் ஜமீலாவிடமிருந்து என் உடம்பு வாங்கி வைத்துக்கொண்டது இது. என்னிடம் இருப்பதும் இதுதான்.

போன வாரம் பக்கத்து இருக்கைப் பெண் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, தூக்கமுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க கண்ணு" என்றேன். "வளைவு."