வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு சேலை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். போன வாரம் மாத்தளை டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் துணிக்கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தரை அப்படிப் பளபளத்தது. என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். கழற்றியதோடு நிற்கவில்லை, யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று ஓரமாக ஜோடி சேர்த்தும் வைத்தேன். வாசல் காவல்காரப் பையன் ஓடி வந்தான்.

"ஐயா, இது கோயில் இல்லீங்க. போட்டுட்டே போங்க."

உள்ளே போய் விலைச்சீட்டுகளைப் பார்த்த பிறகு, ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டே போயிருக்கலாம் என்று பட்டது.

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அத்தைக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டியது பெண்ணின் அப்பன் பொறுப்பு. அத்தை என்றால் என் கூடப் பிறந்த ஒரே அக்கா, பவளம். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகிற பாதையில், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே இன்னும் இருக்கிறாள். அந்த ஒரு சேலையை எடுக்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

இதில் பெரிய வேடிக்கை, ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டதே மற்றவர்களுடைய செருப்புகள்தான். செருப்புக் கடை என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் துணிக்கடைதான். இதே வீதியில், இப்போது கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்களே, அந்த இடத்தில் இருந்தது. எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். கடைக்குள் நுழைந்தால் புதுத் துணியின் கஞ்சி மணம், ஹாஜியாரின் அத்தர், பாச்சை உருண்டை, மழை நாளென்றால் இவற்றுக்கு மேல் தேயிலைச் சாயம் ஏறிய ஈரத் துணியின் மணம். இந்தப் புதுக் கடையில் எந்த மணமும் இல்லை, குளிர்தான். ஜலதோஷம் பிடிக்க வைத்து அனுப்புகிறார்கள்.

செருப்புக்கு வருகிறேன். தோட்டத்துப் பெண்கள் வந்தால் படிக்கட்டில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டீச்சர்மார், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் மனைவிமார், வங்கியில் வேலை செய்கிறவர்கள் செருப்போடு நேராக நடந்து வருவார்கள். வந்தவள் வாய் திறக்கும் முன்பே அவளுக்கு எதை எடுத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கடையின் இடது பக்கத் தட்டுகளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வெளிச்சப் பக்கம். கிளிப்பச்சை, ராணி ரோஸ், கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், எல்லாவற்றிலும் கைப்பிடி அகலத்துக்கு ஜரிகை. வலது பக்கம் மங்கல் பக்கம். சாம்பல், சந்தனம், பழுப்பு, வெங்காயத்தோல். படிக்கட்டில் செருப்புச் சத்தம் நின்றால் ஹாஜியார் மேசையிலிருந்தே குரல் கொடுப்பார், "தம்பி, வெளிச்சத்த எடு." வந்தவர்கள் மின்விளக்கைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் போகிற போக்கில் ஒரு பல்பைப் போட்டுவிட்டு இடது பக்கம் ஏறுவேன்.

வெளியில் சொல்லாத இன்னொரு சங்கதி, மங்கல் பக்கம்தான் விலை கூட. நன்றாக மினுக்குகிற சேலையை விட, துவைத்துத் துவைத்து வெளுத்தது போலத் தெரிகிற சேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் எனக்கு அது புரியவே இல்லை. போகப் போகத்தான் விளங்கிற்று. காசு கொடுத்தது தெரியக் கூடாது என்பதற்காகவே அவர்கள் அவ்வளவு காசு கொடுத்தார்கள். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும். தோட்டத்துப் பெண்ணின் கணக்கு வேறு. வாரம் முழுக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அட்டைக்கடியிலும் மழையிலும் நிற்கிறவள், திருவிழாவுக்கு ஒரு நாள் சேலை கட்டினால் அது பக்கத்து மலைக்குத் தெரிய வேண்டாமா?

அந்த நாளில் கடைகளில் துணி கட்டி நிற்கும் பொம்மைகள் கிடையாது. பொம்மை வேலையையும் நாங்களே பார்த்தோம். சேலையை உதறி, தோளில் போட்டு, மடிப்பை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். மீசையும் சேலையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தே பாதிப் பேர் வாங்கினார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது சேலை கட்டியவன் நான். எந்தக் கல்யாணப் பெண்ணுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கும்?

ஹாஜியார் என்னை வேலைக்கு எடுத்ததே நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளை என்பதால்தான். "தோட்டத்து ஆக்கள்ட மனசு ஒனக்குத்தான் வெளங்கும்" என்றார். அந்த மனசை நான் இரண்டே வருஷத்தில் தொலைத்தேன். இஸ்திரி போட்ட கால்சட்டை, சட்டைப் பையில் பேனா. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனால் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக் கண் கூசுகிறது என்று கையால் மறைத்துக்கொள்வேன். அம்மா கண்ணுக்கு மருந்து விடச் சொன்னாள். அக்கா மட்டும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு, டவுனை ஒட்டிய பலாபத்வலையிலிருந்து ஒரு வரன் வந்தது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற குடும்பம். பையனை அக்கா மாத்தளைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பார்த்ததாக அவள் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிடும், அதை வைத்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மாவும் அக்காவும் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார்கள். செருப்பைப் படிக்கட்டில் விட்டார்கள். எனக்கு முகம் சுருங்கியது.

அக்கா நேராக வெளிச்சப் பக்கம் பார்த்தாள். ஆரஞ்சுக் கரை போட்ட கிளிப்பச்சை ஒன்றைக் கை காட்டினாள்.

"நாள் முழுக்கத் தேயிலப் பச்சயத்தானேக்கா பாக்குற? மறுபடியும் பச்சையா?"

"அது தோட்டத்துப் பச்ச. இது எம் பச்ச."

நான் அதை என் தோளில் போட்டு, இடுப்பை வளைத்து, "இதக் கட்டிக்கிட்டு நின்னா தொர என்னயே கொழுந்தெடுக்க அனுப்பிருவாரு" என்றேன். கடையே சிரித்தது. அக்காவும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். நான் உடனே மங்கல் பக்கம் ஏறி, வெங்காயத்தோல் நிறத்தில் பூ இருப்பதே தெரியாத பூப்போட்ட ஒன்றை இறக்கினேன்.

"டீச்சர் மாதிரி இருப்பக்கா."

"டீச்சர் வேணும்னா அவங்க டீச்சர் வீட்டுக்கே போயிருப்பாங்களேடா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் கடையில் வேலை செய்கிறவன் நான், டவுன் கண்டவன் நான். பாதி விலையை என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி அதையே கட்டிக் கொடுத்தேன்.

வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். கங்காணி வீட்டு நாற்காலிகள் போட்டிருந்தோம். பையனின் அம்மா அரக்குச் சிவப்பில் இருந்தார், உடம்பெல்லாம் ஜரிகை. எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பராவின் இருட்டுக்கு அந்த அம்மா ஒருவரே போதும், விளக்கு வேண்டியிருக்கவில்லை. அவர்களும் ஒரு தலைமுறைக்கு முன் தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள்தான். இறங்கியவர்கள் இறங்கியதைக் காட்ட வேண்டாமா? டவுன் என்றாலே மங்கல் என்று நான் படித்து வைத்திருந்தேன். டவுனுக்குள்ளேயே ஏழெட்டுப் படிகள் இருப்பதைப் படிக்கவில்லை.

அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்த அம்மா தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவிடம் திரும்பினார்.

"புள்ளைக்கு ஒடம்புக்கு முடியலயா?"

"இல்லீங்களே, நல்லாத்தானே இருக்கு."

"சீல வெளுத்துப் போயிருக்கே, அதான் கேட்டேன். நாலு பேரு பாக்க வர்ற நாள்ல நல்லதா ஒண்ணு எடுக்கலயா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் என் சரக்கைக் குறை சொல்லிவிட்டார்களே! எழுந்து நின்றேன்.

"இது பழசில்லீங்கம்மா, புத்தம் புதுசு. இதான் இப்ப டவுன்ல எல்லாரும் கட்டுறாங்க."

"அப்ப நாங்க எந்தக் காட்டுலேருந்து வந்திருக்கோம் தம்பி?"

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். "அதுக்குச் சொல்லலீங்க. நீங்க கட்டியிருக்கறது நம்ம கடச் சரக்குத்தான், அந்த வெல எனக்குத் தெரியும். இது அதவிடக் கூடுங்க" என்றேன்.

தேநீர் அப்படியே ஆறிப் போனது. வேனில் ஏறும்போது பையன் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து, இடம் சரிப்படாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

அக்கா சேலையைக் கடையில் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தாள். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அக்கா ஒரே ஒரு தடவை அதைக் கட்டினாள். எங்கள் தோட்டத்தில் அந்த மாதிரி மங்கல் நிறம் பெரிய கிளாக்கர் வீட்டு அம்மாவுக்குச் சொந்தம், எழுதி வைக்காத சட்டம். அந்த அம்மா பிரகாரத்தில் நிறுத்தி, சிரித்த முகத்தோடுதான் கேட்டார். "எந்த வீட்டம்மா குடுத்தாங்க பவளம்?"

டவுன்காரிக்கு அது வெளுத்த சேலை. கிளாக்கரம்மாவுக்கு அது யாரோ கட்டிக் கழித்த சேலை. விலையைச் சொல்ல நான் பக்கத்தில் இல்லை, அது மட்டும்தான் அக்காவின் அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்து அதை இரண்டாகக் கிழித்துக் காம்பரா வாசலுக்குத் திரை தைத்துவிட்டாள். மலைநாட்டிலேயே விலை கூடிய வாசல் திரை எங்கள் லயத்தில்தான் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைத் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே போவேன். ஒவ்வொரு முறையும் அது முகத்தில் தடவும்.

வேறு வரன்கள் வந்தன, பிறகு வருவது நின்றது. அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே வீட்டுக்குள் நீலச் சீருடை, வெளியே போனால் கறுப்பு அங்கி, நிறம் தேர்ந்தெடுக்கிற வேலையே மிச்சம். அவள் அங்கிருந்து தோட்டத்துக்கே திரும்பி வருமுன் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி டீச்சர். மங்கல் பக்கத்துக்கே மாப்பிள்ளையாகப் போய்விட்டேன் என்று ஹாஜியார் கேலி செய்தார். அவர் மௌத்தாகிப் பல வருஷமாகிறது. வெளிச்சப் பக்கமும் இல்லை, மங்கல் பக்கமும் இல்லை. லயத்திலும் பங்களாவிலும் இப்போது பகலெல்லாம் நைட்டிதான், தோளில் போடுகிற துவாயின் தரத்தை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கிளிப்பச்சையை இந்தப் புதுக் கடையில் தேடிப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில், பாதி விலைக்குக் கொட்டி வைத்த குவியலில் கூட இல்லை.

தேடினேன் என்கிறேனே, அதுவும் முழு உண்மையில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, அத்தைக்கும் பேஸ்டல் கலர்லயே எடுங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கண்டியிலேருந்து வர்றாங்க. அத்தை எப்பவும் கட்டுற அந்த லைட் அடிக்கிற சீலையக் கட்டிட்டு வந்தாங்கன்னா போட்டோல அது மட்டும்தான் தெரியும்."

பேஸ்டல் என்றால் என்னவென்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முன்வரிசையில் தொங்கிய ஒன்றை எடுத்து நீட்டினாள். விலை இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. பழக்கதோஷம், சேலையை உதறித் தோளில் போட்டு மடிப்பைப் பிடித்தேன். "அங்கிள், அதுக்கு அங்க பொம்மை இருக்கு" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியில் நரைத்த மீசையோடு ஒரு பொம்மை என்னைப் பார்த்தது. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அப்போது கூடப் புத்தி வேலை செய்யவில்லை. மகள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். பில் போட்டுவிட்டார்கள்.

ரத்தோட்டை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஏறினேன். அக்கா வாசலில் கொச்சிக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள், நைட்டி, தோளில் துவாய். கையைத் துவாயில் துடைத்துவிட்டுப் பையை வாங்கினாள். அட்டைப் பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, சேலையை வெயிலில் விரித்தாள். கரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அது வெங்காயத்தோல் நிறம் என்பது உறைத்தது.

"இதான்க்கா இப்ப டவுன்ல எல்லாரும் கட்டுறாங்க" என்றேன்.

அக்கா சேலையைக் கடை மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இந்தத் தடவ யாருடா பாக்க வர்றாங்க?"