மரவட்டை உருண்ட பக்கம்

மாலை ஐந்து பதினெட்டுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. மணி எனக்குத் துல்லியமாகத் தெரியும். மகளின் போனில், மரவட்டையின் தலைக்கு மேலே அது தெரிந்துகொண்டிருந்தது.

அந்தப் போனை அவளிடமிருந்து பிடுங்கியது நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு விளையாடினால் எந்தத் தாய் பொறுப்பாள்? அந்த விளையாட்டில், கால்களுக்கெல்லாம் சிவப்புப் பூட்ஸ் மாட்டிய ஒரு மரவட்டை. தொட்டால் நிஜ மரவட்டை போலவே சுருண்டுகொள்ளும். போனைச் சாய்த்தால் சாய்த்த பக்கம் உருளும். மறுபடி தொட்டால் விரிந்து நடக்கும். கல்லைத் தள்ளி, கதவைத் திறந்து, பள்ளத்தில் விழாமல் அதை வீடு சேர்க்க வேண்டும். விழுந்தால் பூட்ஸெல்லாம் சிதறிப்போக, நம்மைப் பார்த்து ஒரு தும்மல் போடும்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் பஸ்ஸில் திறந்தேன். அதன்பிறகு என் பயணமெல்லாம் மரவட்டையோடுதான்.

எனக்குத் திருச்சுழியில் ஆபீஸ், அருப்புக்கோட்டையில் வீடு. சாயங்காலம் வாலிபால் பயிற்சி முடிந்து மகள் வழியில், ஊர்ச்சாலை பிரியும் ஒரு விலக்கில் நிற்பாள். நான் வரும் பஸ் அங்கே தானாக நிற்காது. உள்ளே இருப்பவர் கண்டக்டரிடம், "விலக்குல ஆள் ஏறணும்" என்று முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். ஏறியதுமே சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று, இந்தக் கட்டம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பஸ் ஒரு வளைவில் ஒடித்துத் திரும்பியது. மரவட்டை பள்ளத்தை நோக்கி ஓடியது. போனோடு சேர்ந்து நானும் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, கருவேலமரங்களுக்கு முன்னால், நீல ஜெர்சியும் தூக்கிய ஒரு கையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"நிப்பாட்டுங்க! எம் பிள்ள நிக்குது!"

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏங்க்கா, சொன்னாத்தான நிப்பாட்ட முடியும்? ஒங்க முகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க பாட்டுக்கு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடிக்கிட்டு வாரீக."

பக்கத்தில் இருந்த பெண்மணி விடவில்லை. "ஏத்தா, நீ சாஞ்ச சாய்வுல நான் கம்பியோட ஒட்டிப்போனேன். வாந்தி எடுக்கப்போறியோன்னு காய்கறிப் பையக் காலி பண்ணி வச்சிருக்கேன்!"

பஸ் சிரித்தது. "அவ எப்பவும் முன்னாடியே வந்து நிப்பா. இன்னிக்கு லேட்டு. ஆளக் காணோமேன்னுதான் சொல்லல" என்றேன். கொஞ்சமும் தடுக்காமல் வந்தது அந்தப் பொய்.

அடுத்த ஊரில்தான் இறக்கிவிட்டார்கள். அவளுக்குப் போன் பண்ணுவோம் என்று கையைத் தூக்கினேன். அவள் போன் அந்தக் கையில்தான் இருந்தது.

என் போனில் கணவர் அழைத்தார். "ரெண்டு பேரும் எங்க வாரீக?"

அவரிடமும் அதையேதான் சொன்னேன். பிள்ளை நேரத்துக்கு வரவில்லை, பஸ்ஸை விட்டுவிட்டாள், நான் இறங்கித் திரும்பிப் போகிறேன்.

இருட்டுவதற்குள் விலக்குக்குப் போய்விட வேண்டும் என்று ரோட்டோரம் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எதிரே இரண்டு பேர் ஒரு பைக்கில் மெதுவாக வந்து, என்னைக் கடந்து போனார்கள். அவர்கள் அவளையும் கடந்துதான் வந்திருப்பார்கள். அடுத்த பஸ் வரும்வரை அங்கே அவளுக்குத் துணை என்று யாரும் கிடையாது. வாய்விட்டு அழுதபடியே நடந்தேன்.

நூல் மூட்டை ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ வந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டுகிறவரின் மனைவியோடு ஒண்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்தாள். கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன். நீட்டிய கையிலிருந்த, நான் அணைக்கக்கூட மறந்திருந்த போனுக்குள், மரவட்டை பள்ளத்தில் விழுந்து தும்மியது.

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் மறுபடி அழைத்தார். பிள்ளை குரலை அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, நேரத்துக்கு வந்து நிக்க மாட்டியா? ஒங்கம்மா எப்படிக் கெடந்து அலையுறா பாரு!"

அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தாம்ப்பா லேட்டு," என்றாள். "அம்மா வழியெல்லாம் என்னயத்தான் பாத்துக்கிட்டே வந்தாக."