விலைபோன கம்பெனியின் பவானேஸ்வரி

பேருந்தில் ஏறினால் பவானேஸ்வரி உடனே உட்காரமாட்டார். மேல்தட்டில் திணித்திருக்கும் பைகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே கடைசி இருக்கைவரை போய்த் திரும்புவார். ஓட்டுநர் சிரிப்பார்: "அக்கா, இது பஸ்ஸு லா. பறக்காது."

"விழுற பைக்கு அது தெரியுமா தம்பி?"

புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள வீட்டு சோபாவிலும் முதுகு நிமிர்ந்துதான் இருக்கும். கைகள் தானாகத் தொடைக்கடியில் போய்விடும். மகள் அனுசியா, "அம்மா, லேண்ட் ஆயிட்டோம்" என்று சொன்னால்தான் சாய்வார்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். அந்தத் தொழிலாளர் குடியிருப்பு லயத்திலிருந்து விமானத்தில் வேலைக்குப் போன முதல் ஆள். செலாட் ஏர் என்ற சிறு நிறுவனத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து தலைமைப் பணிப்பெண் ஆனவர். அழும் குழந்தையைத் தூக்க அவருக்குத் தாயின் அனுமதி தேவைப்படாது. குடித்துவிட்டுக் கத்துகிறவரிடம் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். கத்துகிறவர் கேட்பதற்காகவே அடங்கிவிடுவார்.

அந்தச் செலாட் ஏரைத்தான் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. பழைய விமானங்கள் அதற்கு வேண்டாம். விடியற்காலையில் கிளம்பும் நேரங்களும் சுமத்ரா வழித்தடங்களும் வேண்டும். ஆட்களையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் எல்லாரும் இன்று சேர்ந்தவர்களாகக் கணக்காம். அதாவது, பவானேஸ்வரியிடம் வேலை பழகி அங்கே மாறிப்போன பிள்ளைகள் இனி அவருக்கு மேலே.

"இத்தன வருஷ சேவையெல்லாம் கடல்ல கொட்டிட்டு வான்னு சொல்றான்," என்றார். "நான் என்ன, புது மருமகளா?"

மேலிடம் நைசாக நழுவியது. இரண்டு பக்கத்துப் பணியாளர்களும் பேசி ஒத்துக்கொண்டால் எதுவானாலும் சரி என்றது. சேர்ந்த தேதிப்படி வரிசை போட்டால் பெரிய நிறுவனத்தில் பலர் கீழே இறங்க வேண்டிவரும், எப்படி ஒத்துக்கொள்வார்கள்? நடுவில் பவானேஸ்வரிக்கு மட்டும் ஒரு தூது வந்தது: பயிற்சித் தலைவி பதவி, பழைய தரத்தோடு. மற்றவர்களை மறந்துவிட வேண்டும்.

தஞ்சோங் கிளிங் கடலோர ஓட்டலில் இரண்டு பக்கமும் கூடின. அந்தத் தூதைத்தான் பவானேஸ்வரி முதலில் போட்டு உடைத்தார். பெரிய நிறுவனத்து வரிசையிலிருந்து ஒரு குரல்: "வாங்குனது நாங்க. விலைபோனவங்களுக்கு என்ன வாய்?"

"விலைபோனது கம்பெனி, தம்பி. எனக்கும் விலை பேசுனாங்க, படியல. அதான் இங்க நிக்கிறேன்."

சிரிப்பு இரண்டு பக்கமும் வெடித்தது.

பெரிய நிறுவனத்துப் பணியாளர்களின் தலைவர் காண்டீபன் சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க சொல்ற ஞாயம் புரியுது. ஆனா எங்க ஆளுங்க ஏன் இறங்கணும்? நானே உங்களுக்குக் கீழ வந்துருவேன்."

பவானேஸ்வரி குரலைத் தாழ்த்தினார். கூடம் முன்னால் சாய்ந்தது.

"வருவீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா உங்க கம்பெனிய ஒருத்தன் வாங்கமாட்டான்னு யாராச்சும் சத்தியம் பண்ணியிருக்காங்களா? இன்னிக்கு எங்களுக்கு நீங்க போடுற சட்டத்தத்தான் நாளைக்கு அவன் எடுத்து உங்களுக்குப் போடுவான். எங்கள இறக்குனா, உங்களுக்கும் சேத்துத்தான் பள்ளம் தோண்டுறீங்க."

காண்டீபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு, சேர்ந்த தேதிப்படி வரிசைக்குச் சம்மதமாக அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பின்னால் ஒவ்வொன்றாக, அப்புறம் கொத்துக் கொத்தாக. 'என்ன வாய்?' என்று கேட்ட அந்தத் தம்பியின் கையும் கடைசியில் பாதி தூக்கி நின்றது.

"முழுசா தூக்கு லா!" என்று யாரோ கத்த, கூடமே அதிர்ந்தது.

இரண்டு பக்கமும் சேர்ந்து பறக்கும் முதல் நாள். புறப்படுமுன் கூடிப் பேசும் அறையில், பணியில் மூத்தவருக்கான மேசைத் தலைமாட்டு நாற்காலி அதுவரை காண்டீபனுடையது. அவரே அதைப் பின்னுக்கு இழுத்தார். "உட்காருங்க அக்கா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பரவால்ல, நீங்களே இருங்க' என்று சொல்வதுதான் ஊர் வழக்கம்.

பவானேஸ்வரி உட்கார்ந்தார். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.